கனடாவுக்கு வாழ்க்கைத்துணையை ஸ்பொன்சர் செய்தல்: காத்திருக்கும் காலத்தைக் கணக்கிடுவதும் குறைப்பதும்

ஊருக்குப் போய்த் தாலி கட்டிவிட்டுத் தனியே ரொறன்ரோவுக்குத் திரும்பிய ஒருவரைக் கோயில் திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ கண்டால், முதலில் வரும் கேள்வி "ஸ்பொன்சர் எந்த மட்டில நிக்குது?" என்பது. அதற்கு அடுத்தது, "இப்ப எத்தனை மாதம் எடுக்குதாம்?" என்பது. இந்த இரண்டாவது கேள்விக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். ஒருவருடைய மருமகள் ஏழு மாதத்தில் வந்துவிட்டார். இன்னொருவருடைய மைத்துனர் இரண்டு ஆண்டுகளாகக் காத்திருக்கிறார். இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும். ஒரே சட்டத்தின் கீழ் ஒரே அமைச்சுக்கு அனுப்பப்படும் விண்ணப்பங்களுக்கிடையில் இவ்வளவு இடைவெளி எப்படி வருகிறது, அதில் எவ்வளவு பங்கு நமது கையில் இருக்கிறது என்பதைப் படிப்படியாக விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். இலங்கையிலிருந்து துணையை அழைக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து அழைப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இணையத்தில் தெரியும் மாதக் கணக்கு எதைச் சொல்கிறது

கனடாவின் குடிவரவு, அகதிகள், குடியுரிமை அமைச்சை எல்லோரும் ஐஆர்சிசி என்றே அழைக்கிறார்கள். அதன் இணையத்தளத்தில் ஒவ்வொரு வகை விண்ணப்பத்துக்கும் இத்தனை மாதம் என்று ஓர் எண் இருக்கும். நமது ஆட்கள் அதைப் பேருந்து நேர அட்டவணையைப் போல வாசிக்கிறார்கள்; குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நெடுங்காலமாக அந்த எண், ஏற்கெனவே முடிக்கப்பட்ட விண்ணப்பங்களில் 80 சதவீதம் எவ்வளவு காலத்துக்குள் முடிந்தன என்பதையே காட்டி வந்தது. அதாவது பத்துத் தம்பதிகளில் எட்டுப் பேரின் கதை அதில் அடங்கும். மற்ற இருவர் அதைவிடக் கூடுதலாகக் காத்திருந்தார்கள். சில வகைகளுக்கு, வரிசையில் நிற்கும் விண்ணப்பங்களின் எண்ணிக்கையையும் அமைச்சு இனி முடிக்கக்கூடிய அளவையும் வைத்து முன்னோக்கிக் கணிக்கும் முறையும் வந்துள்ளது. எந்த முறையில் வந்த எண்ணாக இருந்தாலும் அது மதிப்பீடுதான். அந்தத் திகதி கடந்துவிட்டால் விசா தானாகக் கிடைக்கும் என்றோ, அதிகாரி தவறு செய்துவிட்டார் என்றோ பொருள் கொள்ள முடியாது.

இதனோடு சேர்த்துக் குழப்பப்படும் இன்னொரு எண், 12 மாதம் என்ற சேவைத் தரம். வெளிநாட்டில் இருக்கும் துணைக்கான விண்ணப்பங்களில் 80 சதவீதத்தை 12 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று அமைச்சு தனக்குத்தானே வைத்துக்கொண்ட இலக்கு அது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக நீண்டிருந்த காத்திருப்பை 12 மாதமாகக் குறைக்கப்போவதாக 2016 டிசம்பரில் அப்போதைய அமைச்சர் ஜோன் மக்கலம் அறிவித்தார். இன்றுவரை எல்லோருடைய வாயிலும் இருக்கும் "ஒரு வருசம்" என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. ஆனால் எத்தனை துணைவர்களுக்கு ஓர் ஆண்டில் வதிவிட உரிமை வழங்கலாம் என்பதை வேறொரு கணக்குத் தீர்மானிக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பாராளுமன்றத்தில் வைக்கப்படும் குடிவரவுத் திட்டத்தில், துணைவர், பிள்ளைகள் பிரிவுக்கு 2024இல் 82,000 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2025இல் அது 70,000 ஆகக் குறைக்கப்பட்டது. வாசலில் நிற்கும் கூட்டம் குறையாமல் வாசல் மட்டும் ஒடுங்கினால் வரிசை நீளத்தான் செய்யும். உங்கள் கோப்பில் ஒரு பிழையும் இல்லாமலேயே காலம் நீளுவதற்கு இது ஒரு காரணம்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பது அதைவிட முக்கியம். முழுமையான விண்ணப்பம் அமைச்சின் கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் காலம் கணக்கிடப்படும். ஒரு கையொப்பம் விடுபட்டிருந்தாலோ ஒரு படிவம் பழைய பதிப்பாக இருந்தாலோ கோப்பு முழுவதும் திருப்பி அனுப்பப்படலாம். அப்படித் திரும்பி வந்தால் நீங்கள் வரிசையில் பின்னுக்குப் போகவில்லை. வரிசையில் நின்றதாகவே கணக்கில்லை. ஜனவரியில் அனுப்பி, மார்ச்சில் திரும்பி வந்து, ஏப்ரலில் மறுபடி அனுப்பியவருக்கு ஏப்ரல்தான் முதல் மாதம். ஆகவே காத்திருக்கும் காலத்தைக் குறைக்கும் வேலை பெரும்பாலும் விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே நடக்க வேண்டியது.

முதற் படி: தகுதியும் வழியும்

ஸ்பொன்சர் செய்பவர் 18 வயது நிறைந்த கனடியக் குடியுரிமையாளராகவோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். வதிவிட உரிமை மட்டும் உள்ளவர் கனடாவில் வசிக்க வேண்டும். குடியுரிமையாளர் வெளிநாட்டில் இருந்துகொண்டும் விண்ணப்பிக்கலாம், ஆனால் துணைக்கு அனுமதி கிடைத்ததும் கனடாவில் குடியேறுவார் என்பதைக் காட்ட வேண்டும். உடற்குறைபாடு தவிர்ந்த வேறு காரணத்துக்காக அரச உதவிப்பணம் பெறுபவர், வங்குரோத்து நிலையிலிருந்து இன்னும் விடுவிக்கப்படாதவர், முன்பு ஸ்பொன்சர் செய்தவருக்காக எடுத்த பொறுப்பேற்பை (அவரைப் பராமரிப்பதாக எழுதிக்கொடுத்த உறுதியை) மீறியவர் ஆகியோர் தகுதி பெறமாட்டார்கள். தாமே ஒரு துணையால் ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர், வதிவிட உரிமை பெற்று ஐந்து ஆண்டுகள் முடியும்வரை இன்னொரு துணையை ஸ்பொன்சர் செய்ய முடியாது. பலர் அஞ்சுவதுபோலத் துணையை அழைப்பதற்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை எதுவும் இல்லை. பெற்றோரை அழைக்கும் திட்டத்தின் வருமான விதியைக் கேட்டுவிட்டு, இரண்டாவது வேலை தேடிக்கொண்டு ஓராண்டை வீணாக்கியவர்களை நான் அறிவேன்.

அடுத்து வழி. துணை ஏற்கெனவே கனடாவில் உங்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தால் உள்நாட்டுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். ஊரில் இருந்தால் வெளிநாட்டுப் பிரிவு, அதாவது குடும்பப் பிரிவு. கனடாவில் இருப்பவரும் விரும்பினால் வெளிநாட்டுப் பிரிவைத் தெரிவுசெய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. உள்நாட்டுப் பிரிவில் விசாக் காலம் முடிந்து இருப்பவர்களுக்கும் 2005ஆம் ஆண்டு முதல் ஒரு பொதுக் கொள்கை இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தப் பிரிவில் மறுக்கப்பட்டால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லும் உரிமை இல்லை. இடையில் நாட்டைவிட்டு வெளியே போய் உள்ளே வர முடியாமல் போனால் விண்ணப்பத்தின் அடிப்படையே ஆட்டம் காணும். மேன்முறையீட்டு உரிமையை வைத்துக்கொள்ள விரும்புபவருக்கும், பெற்றோரைப் பார்க்க ஊருக்குப் போய்வர வேண்டியவருக்கும் வெளிநாட்டுப் பிரிவே பாதுகாப்பானது என்பது என் கருத்து. இரண்டு பிரிவுகளுக்கும் இணையத்தில் வெவ்வேறு மாதக் கணக்குகள் காட்டப்படும். எப்போதும் உங்கள் பிரிவின் எண்ணையே பாருங்கள்.

கியூபெக் மாகாணத்தில் வசிப்பவர்களின் கதை வேறு. 1991ஆம் ஆண்டின் கனடா–கியூபெக் உடன்படிக்கையின்படி அந்த மாகாணத்துக்கெனத் தனிப் பொறுப்பேற்பும் தனி எண்ணிக்கையும் உண்டு. 2024 ஜூன் 26 முதல் 2026 ஜூன் 25 வரையான காலத்துக்குக் குடும்பப் பொறுப்பேற்பு விண்ணப்பங்களை மாகாண அரசு 13,000 என்று மட்டுப்படுத்தியது. அதில் துணைவர், 18 வயதுக்கு மேற்பட்ட தங்கிவாழும் பிள்ளைகள் ஆகியோருக்கு 10,400. இதனால் மொன்றியலில் இருப்பவரின் காத்திருப்பு ரொறன்ரோவில் இருப்பவரின் காத்திருப்பைவிட மிக நீண்டது. "ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சிக்கு முடிந்துவிட்டது, எனக்கு ஏன் இன்னும் வரவில்லை?" என்று மொன்றியலில் இருந்து கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

இரண்டாம் படி: திருமணமும் பெயர்களும்

திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படியும் கனடாவின் சட்டப்படியும் செல்லுபடியாக வேண்டும். 2015 ஜூன் 11 முதல், மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசி வழியாகவோ இணையம் வழியாகவோ பதிலாள் மூலமாகவோ நடந்த திருமணத்தைக் குடிவரவுக்காகக் கனடா ஏற்பதில்லை. பயணம் போக முடியாத காலத்தில் காணொளியில் சடங்கை முடித்தவர்கள், பிறகு நேரில் சென்று சட்டப்படி பதிவுசெய்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். துணைக்கு 18 வயது நிறைந்திருக்கவும் வேண்டும்.

எங்கள் சமூகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இரண்டு திகதிகள். முதலில் பதிவாளரை வீட்டுக்கு அழைத்து எழுத்தை முடித்துவிடுவோம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கி, மண்டபத்தில் தாலி கட்டுவோம். நமக்கு இது இயல்பு. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கோ, சான்றிதழில் ஒரு திகதியும் அழைப்பிதழிலும் படங்களிலும் இன்னொரு திகதியும் இருப்பது முரண்பாடாகத் தெரியும். நான் நிரப்ப உதவிய ஒரு விண்ணப்பத்தில் மணமகன் எழுத்துத் திகதியையும், மணமகள் தாலி கட்டிய திகதியையும் திருமண நாளாக எழுதியிருந்தார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அப்படியே போயிருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும், அதற்குப் பதில் அனுப்பி மறுபடி அதிகாரி கையில் எடுக்கும்வரை மாதங்கள் போயிருக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள திகதியையே சட்டப்படியான திருமண நாளாக எல்லாப் படிவங்களிலும் எழுதி, சடங்கு வேறொரு நாளில் நடந்ததையும் அதற்கான வழமையையும் உறவு விவரப் படிவத்தில் நான்கு வரிகளில் விளக்கினால் போதும்.

பெயர்ச் சிக்கல் இதைவிடப் பெரியது. தர்ஷினி என்ற பெண்ணின் தகப்பன் பெயர் நடராசா என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயர் தர்ஷினி மட்டுமே. தகப்பன் பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும். அடையாள அட்டையில் நடராசா தர்ஷினி. கலியாணத்துக்குப் பிறகு எடுத்த கடவுச்சீட்டில் கணவன் பெயர் சேர்ந்திருக்கும். பாடசாலைச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். இதற்குமேல், தமிழ்ச் சான்றிதழை மொழிபெயர்த்தவர் கடவுச்சீட்டைப் பார்க்காமல் ஆங்கில எழுத்தைக் கூட்டியிருப்பார். ஓரிடத்தில் 'ரி' எழுத்தில் தொடங்கும் பெயர் இன்னோரிடத்தில் 'டி' எழுத்தில் தொடங்கும். கணினியைப் பொறுத்தவரை இவர்கள் இரண்டு பெண்கள்! ஆகவே படிவங்கள் அனைத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்; மற்ற எழுத்து வடிவங்களை, வேறு பெயர்களால் அழைக்கப்பட்டதுண்டா என்று கேட்கும் கட்டத்தில் ஒன்றும் விடாமல் சேருங்கள்; மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்தே கொடுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால் (தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுகளில் இது வழமை) முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டு மற்றக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும் என்பது அமைச்சின் அறிவுறுத்தல்.

தமிழிலும் சிங்களத்திலும் உள்ள ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் மூல ஆவணத்தின் பிரதியும் சேர வேண்டும். சொந்தக்காரர் மொழிபெயர்த்தால், அவர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகவே இருந்தாலும், ஏற்கமாட்டார்கள்.

மூன்றாம் படி: உறவு உண்மையானது என்று காட்டுதல்

மறுப்புக்கும் நீண்ட தாமதத்துக்கும் பெரிய காரணம் இந்தப் படிதான். விதி இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: இந்தத் திருமணம் முதன்மையாகக் குடிவரவு நன்மைக்காகச் செய்யப்பட்டதா, இந்த உறவு உண்மையானதா. 2010ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, இவற்றில் ஒன்றில் தவறினாலே மறுக்கலாம்.

பேசிச் செய்த திருமணம் என்பதற்காக யாரும் மறுக்கப்படுவதில்லை. அந்தத் திருமணம் நமது வழமைப்படி நடந்திருக்கிறதா என்றுதான் அதிகாரி பார்ப்பார். யார் சம்பந்தம் பேசினார்கள், சாதகம் எப்போது பொருத்தம் பார்க்கப்பட்டது, முதல் தொலைபேசிப் பேச்சு எப்போது, பெண் பார்க்கப் போனவர்கள் யார், கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள், ஸ்பொன்சர் செய்பவரின் பெற்றோர் வராவிட்டால் ஏன் வரவில்லை: ஐஎம்எம் 5532 என்ற உறவு விவரப் படிவத்தின் கேள்விகள் இந்தப் போக்கில்தான் இருக்கும். வெறும் "பெற்றோர் பேசி முடித்தார்கள்" என்ற ஒற்றை வரி எந்தச் சந்தேகத்தையும் தீர்க்காது. வயது வித்தியாசம் பெரிதாக இருந்தாலோ, முன்பு ஒரு திருமணம் முறிந்திருந்தாலோ, கண்ட இரண்டு கிழமையில் கலியாணம் நடந்திருந்தாலோ, சடங்கு வழமைக்கு மாறாக மிகச் சிறிதாக நடந்திருந்தாலோ, அதிகாரி கேட்கும்வரை காத்திராமல் நீங்களே காரணத்தை எழுதுங்கள். கணவனும் மனைவியும் தத்தம் விடைகளைத் தனித்தனியே எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவது நல்லது. சொந்த வாழ்க்கையின் திகதிகளையே மனிதர் மறந்துவிடுவார்கள் என்பது அப்போது புரியும்.

சான்றுகளில் அளவைவிடப் பரப்பு முக்கியம். சரிபார்ப்புப் பட்டியல் படங்களை 20க்கும் உரையாடல் சான்றுகளை 10 பக்கத்துக்கும் மட்டுப்படுத்துகிறது. மண்டபத்தில் ஒரே நாளில் எடுத்த இருபது படங்களைவிட, பெண் பார்த்த நாள், எழுத்து, தாலி கட்டு, பிறகு நல்லூர்த் திருவிழாவுக்குச் சேர்ந்து போனது, அடுத்த ஆண்டு மறுபடி ஊருக்குப் போனது என்று காலம் நகர்வதைக் காட்டும் இருபது படங்கள் பல மடங்கு பெறுமதி. வட்ஸ்அப் உரையாடலில் மாதத்துக்கு ஒரு பக்கம் வீதம் எடுத்தால் பத்து மாதம் தெரியும். விமானச் சீட்டு, கடவுச்சீட்டில் விழுந்த முத்திரை, பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு, காப்புறுதியில் துணையின் பெயர், வேலைத்தலத்தில் திருமணமானவர் என்று மாற்றிய பதிவு ஆகியவை பேசாமலே சாட்சி சொல்லும். வரிப் படிவத்திலும் திருமண நிலையை மாற்றியிருக்க வேண்டும். ஓர் அரசுத் திணைக்களத்துக்குத் தனியாள் என்றும் இன்னொன்றுக்குக் குடும்பத்தவர் என்றும் சொன்னவர்கள் பிறகு நீண்ட விளக்கம் எழுத வேண்டி வந்ததுண்டு.

நான்காம் படி: பொலிஸ் நற்சான்றிதழும் பத்தாண்டு வரலாறும்

18 வயதுக்குப் பின், கடந்த பத்து ஆண்டுகளில் தொடர்ச்சியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் நற்சான்றிதழ் வேண்டும். இப்போது வாழும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஆறு மாதங்களுக்குள் பெறப்பட்டதாக இருக்க வேண்டும். கட்டாரிலோ சவூதியிலோ டுபாயிலோ வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு இங்கேதான் காலம் இழுபடும். அந்த நாட்டைவிட்டு வந்தபின் அங்கிருந்து சான்றிதழ் எடுப்பது எளிதல்ல. எனவே கலியாணம் நிச்சயமான கையோடு இந்த வேலையைத் தொடங்குங்கள்.

பின்னணி விவரப் படிவமான ஐஎம்எம் 5669, பத்தாண்டு காலத்தை ஒரு மாத இடைவெளியும் இல்லாமல் கேட்கும். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த காலத்தையும் அப்படியே எழுத வேண்டும். போர்க்காலத்தில் வன்னியில் வாழ்ந்தவர்களின் கோப்புகளில் பாதுகாப்புச் சோதனை நீளக்கூடும். விடுதலைப் புலிகள் இயக்கத்தைக் கனடா 2006 ஏப்ரலில் தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அமைப்புகளுடன் இருந்த தொடர்புகள் பற்றிய கேள்விகளுக்கு ஆண்டு எல்லை இல்லை. மறைத்து எழுதுவது பொய்த் தகவலாகக் கருதப்பட்டால் ஐந்து ஆண்டுத் தடை வரும். சொல்வதற்கு ஏதாவது இருந்தால், படிவத்தை நிரப்புவதற்கு முன்பே ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் போங்கள். மற்ற எந்தப் படியிலும் சட்டத்தரணி கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஒன்றில் சொல்வேன்.

குடும்பத்தவர் எல்லோரையும் குறிப்பிடுவதும் இந்தப் படியில் சேரும். முந்திய உறவில் பிறந்த பிள்ளை, தங்களோடு வராத பிள்ளை என்று யாரையும் விடக்கூடாது. வதிவிட உரிமை பெறும்போது குறிப்பிடாமல் விட்ட குடும்ப உறுப்பினரைப் பின்னாளில் ஸ்பொன்சர் செய்ய முடியாதபடி விதி தடுக்கிறது. 2019 செப்டெம்பரில் தொடங்கிய ஒரு பொதுக் கொள்கை சிலருக்கு விலக்கு அளித்தாலும், அதை நம்பி ஒருவரை மறைப்பது அறிவுடைமை அல்ல. ஸ்பொன்சர் செய்பவரும் தமது பழைய கோப்பை நினைத்துப் பார்க்க வேண்டும்: தாம் கனடாவுக்கு வந்து வதிவிட உரிமை பெற்ற நாளில் ஏற்கெனவே திருமணமாகியிருந்து அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், இதே விதி அவருடைய துணையை மறித்து நிற்கும்.

ஐந்தாம் படி: கட்டணமும் பதிவேற்றமும்

2024 ஏப்ரல் 30 அன்று நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி ஸ்பொன்சர் கட்டணம் 85 டொலர், துணையின் பரிசீலனைக் கட்டணம் 545 டொலர், வதிவிட உரிமைக் கட்டணம் 575 டொலர். ஆக 1,205 டொலர். கைவிரல் அடையாளத்துக்கு இன்னும் 85 டொலர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டணம் மாற்றப்படுவதால், கட்டும் நாளில் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 575 டொலரைக் கடைசியில் கட்டவும் அனுமதி உண்டு. ஆனால் முதலிலேயே கட்டிவிட்டால் கடைசிக் கட்டத்தில் ஒரு கடிதப் போக்குவரத்து மிச்சம்.

விண்ணப்பம் இணையவழி வதிவிடத் தளத்தின் மூலமே போகும். சில படிவங்களைத் தளத்திலேயே நிரப்ப வேண்டும். ஐஎம்எம் 1344 (ஸ்பொன்சர் விண்ணப்பமும் பொறுப்பேற்பும்), ஐஎம்எம் 5532 போன்றவற்றைத் தனியே நிரப்பிக் கையொப்பமிட்டுப் பதிவேற்ற வேண்டும். ஐஎம்எம் 1344 படிவத்தில் ஸ்பொன்சர் செய்பவரும் துணையும் இருவருமே கையொப்பமிட வேண்டும். கோப்புத் திரும்பி வருவதற்கு மிக மலிவான காரணம் இதில் ஒரு கையொப்பம் விடுபடுவதுதான். அதே படிவத்தில் இன்னொரு கேள்வி இருக்கும்: நீங்கள் தகுதியற்றவர் என்று கண்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவீர்களா, தொடர்வீர்களா? திரும்பப் பெற்றால் 85 டொலர் போக மீதி வரும். மேன்முறையீட்டு உரிமை வேண்டுமானால் தொடரவே வேண்டும். யோசிக்காமல் குறியிடும் கட்டம் அல்ல அது.

ஆறாம் படி: அனுப்பிய பின் நடப்பவை

முதலில் கோப்பு முழுமையானதா என்று பார்ப்பார்கள். முழுமையாக இருந்தால், கிடைத்ததை உறுதிப்படுத்தும் கடிதம் கோப்பு இலக்கத்துடன் வரும்; ஏஓஆர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பிறகு கைவிரல் அடையாளத்துக்கான கடிதம் வரும். அதற்கு 30 நாள் அவகாசம். ஸ்பொன்சர் செய்பவரின் தகுதி தனியே முடிவாகும். மருத்துவப் பரிசோதனைக்கான அறிவுறுத்தல் வந்ததும் அமைச்சு அங்கீகரித்த மருத்துவரிடம் போக வேண்டும்; அந்த முடிவு 12 மாதம் செல்லுபடியாகும். கோப்பு அதற்குமேல் இழுபட்டால் மறுபடி பரிசோதனை கேட்கலாம். துணைக்கு நீரிழிவோ வேறு நீண்டகால நோயோ இருந்தால் மருத்துவச் செலவைக் காரணம் காட்டி மறுப்பார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த விதியிலிருந்து துணைவருக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

இதன்பின் வருவதுதான் நீண்ட மௌனம். குற்றப் பின்னணி, பாதுகாப்பு, உறவின் உண்மைத்தன்மை ஆகிய சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் பெரும்பாலும் சமாந்தரமாக நடக்கும். இந்த மாதங்களில் கோப்பின் நிலையைக் காட்டும் இணையப் பக்கத்தில் எதுவும் அசையாது. அது அசையவில்லை என்பதற்காகக் கோப்பும் கிடப்பில் இருக்கிறது என்று கொள்ள வேண்டாம். நேர்முகத் தேர்வு எல்லோருக்கும் வராது. அழைத்தால், கணவனின் வேலை நேரம், மாமியார் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எதைப் பற்றிப் பேசினீர்கள் போன்ற அன்றாட விடயங்களைக் கேட்பார்கள். எல்லாம் முடிந்தால் கடவுச்சீட்டைக் கேட்டுக் கடிதம் வரும். பிபிஆர் என்பது அது.

மின்னஞ்சலின் தேவையற்ற கடிதப் பெட்டியைக் கிழமைக்கு இருமுறை பாருங்கள். 30 நாள் அவகாசக் கடிதம் அங்கே போய் விழுந்து, பிறகு "ஆவணம் வரவில்லை" என்று கோப்பு மறுக்கப்படுவது நடக்கக்கூடிய ஒன்று. முகவரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு முகவரைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். கடிதம் வரும் முகவரி உங்களுடையதாகவே இருக்கட்டும்.

காத்திருக்கும்போது

துணை பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பிப்பதில் தவறில்லை. நிரந்தரமாக வர விரும்பும் ஒருவர் தற்காலிகமாக வந்து, தேவைப்பட்டால் திரும்பிப் போகவும் கூடும் என்பதைச் சட்டமே இரட்டை நோக்கம் என்று ஏற்கிறது. 2023 மே மாதத்தில் துணைவர்களின் பார்வையாளர் விசாவை விரைவாகப் பரிசீலிக்கும் ஏற்பாட்டை அப்போதைய அமைச்சர் ஷோன் பிரேசர் அறிவித்தார். ஏஓஆர் கடிதத்தை அந்த விண்ணப்பத்தோடு சேர்ப்பது உதவும். கனடாவுக்குள் வந்து உங்களோடு வாழும் துணை, ஏஓஆர் கிடைத்தபின் திறந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் 255 டொலர்.

இந்த இடைவெளியில் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை. குழந்தை பிறந்தால் உடனே இணையப் படிவத்தின் மூலம் அறிவித்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். வந்திறங்கிய பின் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் மேலே சொன்ன மறைப்பு விதி அந்தக் குழந்தையின் மேல் விழும். முகவரி, வேலை, கடவுச்சீட்டு மாறினாலும் அறிவியுங்கள். விசாவின் காலம் கடவுச்சீட்டின் காலத்தைத் தாண்டாது என்பதால், ஒன்றரை ஆண்டுக்குள் முடியவிருக்கும் கடவுச்சீட்டை விண்ணப்பிக்கும் முன்பே புதுப்பிப்பது நல்லது. ஸ்பொன்சர் செய்தவர் ஊருக்குப் போய்வந்தால் புதிய படங்களையும் பயணச் சான்றையும் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை சேர்க்கலாம். கிழமைதோறும் "என்ன நிலை?" என்று எழுதுவதால் கோப்பு வேகமாக நகராது.

காலம் கடந்துவிட்டால்

இணையத்தில் உள்ள காலம் கடக்கும்வரை விசாரணைக்குப் பொதுப் பதில்தான் வரும். கடந்தபின் முதலில் இணையப் படிவம், அடுத்துத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் என்று போக வேண்டும். அங்கே துணையின் சம்மதக் கடிதத்தைக் கொடுத்தால் அமைச்சிடம் நேரடியாக விசாரிப்பார்கள். அவர்களால் முடிவை மாற்ற முடியாது; ஆனால் கோப்பு எந்தச் சோதனையில் நிற்கிறது என்று அறிந்து சொல்ல முடியும்.

அதைவிடத் தெளிவான வழி, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கோப்பின் உட்குறிப்புகளைக் கேட்பது. கட்டணம் 5 டொலர். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும், அது நீட்டிக்கப்படவும் கூடும். கனடாவில் இருக்கும் ஸ்பொன்சர், துணையின் எழுத்துமூலச் சம்மதத்துடன் கேட்கலாம். வரும் பக்கங்களில் சுருக்கெழுத்துகள் நிறைந்திருக்கும். தகுதி, குற்றப் பின்னணி, பாதுகாப்பு, மருத்துவம் என்ற நான்கு தலைப்புகளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று முடிந்து பாதுகாப்பு மட்டும் தொடங்கப்படாமலோ நடந்துகொண்டோ இருந்தால், தாமதத்தின் இடம் தெரிந்துவிட்டது. கூடுதல் கலியாணப் படங்களை அனுப்பி இனிப் பயனில்லை.

கடைசி வழி சமஷ்டி நீதிமன்றம். முடிவு எடுக்கும்படி அமைச்சுக்கு ஆணையிடுமாறு கேட்கும் மனுவுக்கு மண்டாமஸ் என்று பெயர். 1998ஆம் ஆண்டின் கொனீல் வழக்கிலிருந்து நீதிமன்றம் மூன்று கேள்விகளைக் கேட்டு வருகிறது: இந்த வகை நடைமுறைக்கு இயல்பாகத் தேவைப்படும் காலத்தைவிடத் தாமதம் நீண்டதா, தாமதத்துக்கு விண்ணப்பதாரர் பொறுப்பாளியா, அமைச்சு திருப்தியான காரணம் சொல்கிறதா. சட்டத்தரணி அனுப்பும் எச்சரிக்கைக் கடிதத்தோடே அசைந்த கோப்புகளும் உண்டு. ஆனால் நீதிமன்றம் ஆணையிடுவது "முடிவு எடு" என்று மட்டுமே. அந்த முடிவு மறுப்பாகவும் இருக்கலாம் என்பதை அறிந்தே இந்த வழியில் இறங்க வேண்டும்.

வெளிநாட்டுப் பிரிவில் மறுப்புக் கடிதம் வந்தால் ஸ்பொன்சர் செய்தவர் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு மனுச் செய்யலாம். அங்கே புதிய சான்றுகளையும் கொடுக்கலாம்; மறுப்புக்குப் பின்னும் உறவு தொடர்ந்ததே வலுவான சான்று. உள்நாட்டுப் பிரிவில் மறுக்கப்பட்டவருக்கு உள்ளது 15 நாளுக்குள் சமஷ்டி நீதிமன்றத்தில் நீதிமுறை மீளாய்வு கோரும் வழி. மறுத்ததும் அதே ஆவணங்களோடு புதிதாக விண்ணப்பிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாக இருக்கும். பழைய மறுப்புக் குறிப்பு அதிகாரியின் திரையில் அப்படியே இருக்கும்.

முடிவு வந்ததும்

ஊரில் இருப்பவர் கடவுச்சீட்டை விசா விண்ணப்ப நிலையத்தில் கொடுத்து, விசாவையும் வதிவிட உறுதிப்பத்திரத்தையும் பெறுவார். அதிலுள்ள காலாவதித் திகதிக்கு முன் கனடாவில் வந்திறங்க வேண்டும், அது நீட்டிக்கப்படுவதில்லை. ஆடி மாதம் போகட்டும் என்று பயணத்தைத் தள்ளிப்போட முன் அந்தத் திகதியைப் பார்த்துவிடுங்கள். பத்திரத்தில் பெயரும் பிறந்த திகதியும் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று அன்றே சரிபார்த்து, பிழை இருந்தால் பயணத்துக்கு முன்பே அறிவியுங்கள். கனடாவுக்குள் இருப்பவருக்கு இந்தப் பத்திரம் இணையத்தளத்தின் மூலமே வரும்.

விமான நிலையத்தில் கொடுக்கும் முகவரிக்கு வதிவிட அட்டை தபாலில் வரும். முகவரியை 180 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அட்டைக்கு 50 டொலர் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். 2012 முதல் இருந்த, இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே "பிரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று புதிதாக வந்த பெண்ணிடம் யாராவது சொன்னால் அது இன்றைய சட்டம் அல்ல. ஸ்பொன்சர் செய்தவரின் மூன்று ஆண்டுப் பொறுப்பேற்பு, துணை வதிவிட உரிமை பெறும் அதே நாளில் தொடங்கும். மணமுறிவு ஏற்பட்டாலும் அது நிற்காது. அந்தக் காலத்தில் துணை அரச உதவிப்பணம் பெற்றால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டும் கடமை ஸ்பொன்சர் செய்தவருடையது.